தாளம் எங்கே இருக்கிறது: குமரவேலுக்கு ஒரு கடிதம்

ஏற்காடு

அன்புள்ள குமரவேல்,

உன் கடிதம் சென்ற வாரமே கிடைத்தது. கோடை மழை முன்கூட்டியே பெய்து, மலையெங்கும் காப்பிச் செடிகள் ஒரே சமயத்தில் பூத்துவிட்டதால் தோட்ட அலுவலகத்தில் வேலை கூடிவிட்டது. அதனால்தான் பதில் தாமதமாகிறது. வீட்டில் அனைவரும் நலம். மற்றச் செய்திகளை நேரில் பேசிக்கொள்ளலாம். நீ பக்கம் பக்கமாகக் கோபித்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு மின்னணு இசை இரட்டையர் தங்களுடைய ‘ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்’ ஆல்பத்தை டிரம் ஓசைகள் அனைத்தையும் நீக்கி 2023 நவம்பரில் மறுபடியும் வெளியிட்டார்கள் அல்லவா, அதை உன் மகள் போட்டுக் காட்டியபோது நீ பாதியிலேயே எழுந்து போய்விட்டதாக எழுதியிருக்கிறாய். ஆட வைப்பதற்கென்றே வந்தவர்கள் தாளத்தையே கழற்றி வைத்துவிட்டார்கள், 2013இல் அந்த ஆல்பத்துக்காக இயந்திரங்களை விட்டு நேரடி வாத்தியக்காரர்களிடம் போனதில் தொடங்கிய துரோகம் இதோடு நிறைவடைந்தது என்பது உன் வாதம். அவளோ அந்த 2013ஆம் ஆண்டு ஆல்பத்தின் வழியாகத்தான் அவர்களை அறிந்தவள். நீ உயிராக மதிக்கும் அவர்களுடைய முதல் ஆல்பமான 1997இன் ‘ஹோம்வொர்க்’ அவளுக்கு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் இரைச்சலாகப் படுகிறது. உங்கள் இருவருடைய காதுகளையும் நான் மதிக்கிறேன். ஆனால், நீங்கள் இருவருமே கருவியைப் பற்றிச் சண்டையிடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாரிஸில், இரட்டையரில் ஒருவரான தோமா பங்கால்தேரின் படுக்கையறையில் உருவானது ‘ஹோம்வொர்க்’. பெயரே அதைச் சொல்கிறது. ரோலண்ட் நிறுவனத்தின் டி.ஆர்.-909 என்ற டிரம் மெஷின் ஒரே சீராக அடித்துக்கொண்டே போக, அதன்மேல் ஒரு சிறிய இசைத்துண்டு திரும்பத் திரும்பச் சுழலும். ஃபில்டரால் அதன் மேல்சுருதிகளை மூடி, சுவருக்கு அப்பால் கேட்பது போல அமுக்கி வைத்து, நாம் பொறுமை இழக்கப்போகும் நேரம் பார்த்து மெல்லத் திறந்துவிடுவார்கள். அந்தத் திறப்பில் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு ஈடாக எதையும் அவர்கள் பிறகு செய்யவில்லை என்று நீ சொன்னால் நான் மறுக்கமாட்டேன். உங்கள் அம்மாப்பேட்டையில் வெளியூர்க்காரர்களுக்கு விசைத்தறிச் சத்தம் முழுவதும் ஒன்றுபோலத்தான் கேட்கும். தறி ஓட்டுகிறவருக்கோ ஓர் இழை அறுந்தாலும் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அந்தச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த நீ இந்த இசையைச் சட்டென்று பிடித்துக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை. உன் மகளுக்கு இதை யாராவது பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும். கோபித்துக்கொண்டு எழுந்து போவதால் அது நடக்காது.

இப்போது நான் உன்னோடு மாறுபடும் இடம். நீ காத்து நிற்பது இயந்திரத்தின் ஓசை என்று நினைக்கிறாய். அந்த இயந்திரத்துக்குள் சுழன்றுகொண்டிருந்தது என்ன? 2001இல் வந்த ‘டிஸ்கவரி’யில் ‘டிஜிட்டல் லவ்’ பாடலை எடுத்துக்கொள். அதன் அடித்தளம் ஜார்ஜ் டியூக் 1979இல் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. நீ உன் ஒலிபெருக்கிகளைச் சோதித்துப் பார்க்க இன்றும் போடும் ‘ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்’ பாடலுக்குள் இருப்பது எட்வின் பேர்ட்சாங் என்பவருடைய இசைத்துண்டு. மனிதர்கள் கையால் வாசித்து, நாடாவில் பதிவான இசையை வெட்டியெடுத்துச் சுழற்றியதுதான் நாம் இயந்திர இசை என்று கொண்டாடியதில் பெரும்பகுதி. 2013இல் அவர்கள் துண்டை எடுக்காமல் ஆளையே அழைத்தார்கள். 1970களின் டிஸ்கோவை உருவாக்கியவர்களில் ஒருவரான நைல் ராட்ஜர்ஸ் கிட்டாருடன் வந்தார். நேதன் ஈஸ்ட் பேஸ் கிட்டார் வாசித்தார். ஒமர் ஹக்கீமும் ஜான் ராபின்சனும் டிரம் வாசித்தார்கள். சாம்பிள், அதாவது பழைய பதிவிலிருந்து வெட்டிய துண்டு என்று பார்த்தால் கடைசிப் பாடலான ‘கான்டாக்ட்’ ஒன்றில்தான் உண்டு. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் துண்டு துண்டாகக் கடன் வாங்கியவர்கள் கடன் கொடுத்தவர்களைத் தேடிப்போய்க் கூப்பிட்டு உட்காரவைத்ததைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கோபம் அவர்களுக்குப் புதிதும் இல்லை. அவர்கள் முதலில் ‘டார்லின்’ என்ற பெயரில் கிட்டார் வாசித்த பையன்கள். அந்த இசையை ஒரு பிரிட்டிஷ் வார இதழ் இகழ்ந்து எழுதியபோது பயன்படுத்திய சொற்களையே தங்களுடைய அடுத்த பெயராக வைத்துக்கொண்டு கருவியை மாற்றியவர்கள். ‘டிஸ்கவரி’ வந்தபோது, பாடகர் ரோமந்தோனியின் குரலை இயந்திரத்தில் நெளித்துவிட்டார்கள், கிளப்பை விட்டுக் குழந்தைகளின் பாட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் வருந்தினார்கள். 2005இல் ‘ஹியூமன் ஆஃப்டர் ஆல்’ வந்தது. சில வாரங்களில் பதிவான, கரடுமுரடான, பிடிவாதமாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்த ஆல்பம் அது; இசை விமர்சகர்கள் பலரும் அதை ஏற்கவில்லை, நீயும் உதறித் தள்ளினாய். மறு ஆண்டு கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவில், ஒளிரும் பிரமிடுக்குள் நின்றுகொண்டு, உதறப்பட்ட அந்தப் பாடல்களைப் பழைய பாடல்களின் மேல் ஏற்றி அவர்கள் வாசித்தபோது கூட்டம் கொந்தளித்தது. 2007 ஜூனில் பாரிஸ் கச்சேரியில் பதிவான ‘அலைவ் 2007’ஐ நீதான் எனக்குக் கொடுத்தாய். அதில் ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’ பாடலும் ‘ஹார்டர், பெட்டர்’ பாடலும் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும் இடத்தை நீ எத்தனை முறை பின்னால் ஓட்டிக் கேட்டிருப்பாய்! அதே இரவின் தொடக்கத்தில் முழங்கும் ‘ரோபாட் ராக்’, நீ குப்பை என்று ஒதுக்கிய ஆல்பத்தில் இருந்து வந்ததுதான். பாடல் அப்படியே இருந்தது. பக்கத்தில் எதை வைத்தார்கள் என்பது மாறியது.

நீ சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவன், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கச்சேரிகளைப் பார்த்தவன். ஆகையால் இன்னொன்றும் கேட்கிறேன். மெல்லிசைக் குழுக்களில் தபேலாவும் டோலக்கும் இருந்த இடத்தில் ஆக்டோபேட் என்ற மின்னணுத் தாளப் பலகை வந்து நின்றபோது, கட்டையில் தட்டுகிறார்கள், உயிர் போய்விட்டது என்று முன்வரிசைப் பெரியவர்கள் முறையிட்டார்கள் அல்லவா? அங்கே கை போய் இயந்திரம் வந்ததற்கு வருத்தம். உன் கடிதத்தில் இயந்திரம் போய்க் கை வந்ததற்கு அதே வருத்தம், கிட்டத்தட்ட அதே சொற்களில். அந்தப் பெரியவர்களின் வருத்தம் பொய்யில்லை, வாத்தியக்காரர்கள் பலருக்குப் பிழைப்பே போனது. உன் வருத்தமும் பொய்யில்லை. ஆனால் இரண்டு திசையிலும் உயிர் போய்விட்டது என்றால், உயிர் நாம் சுட்டிக்காட்டும் இடத்தில் இருந்ததா என்று ஐயப்பட வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் மின்னணு இசைக் குழுவான டெபெஷ் மோட்டிலும் இதே கதைதான். 1981இல் பாடலாசிரியர் வின்ஸ் கிளார்க் விலகியதும் அவர்கள் முடிந்தார்கள் என்றவர்கள் உண்டு. 1993இல் கிட்டாரும் நேரடி டிரம்மும் முன்னுக்கு வந்தபோது முகம் சுளித்தவர்களும் உண்டு.

உன் மகள், ‘ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்’ 2014இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது பெற்றதைச் சொல்லி உன் வாயை அடைத்ததாக எழுதியிருந்தாய். அது நல்ல வாதமே இல்லை என்று அவளிடம் சொல். விருதுக் குழுக்கள் நேரடியாக வாசிக்கும் இசைக்கு எப்போதும் சற்று அதிகமாகவே தலைவணங்கும். அந்த ஆல்பத்தில் குறைகள் இருக்கின்றன. விருந்தாளிகளுக்குக் காட்டும் மரியாதை சில இடங்களில் இசையின் வேகத்தைத் தணித்துவிடுகிறது. நடுவில் அடுத்தடுத்து வரும் மெதுவான பாடல்களில், ‘ஹோம்வொர்க்’ நம்மைப் பிடித்துவைத்திருந்த அந்த இறுக்கம் தளர்ந்துபோகிறது. ‘டச்’ பாடலைப் பற்றி நீ எழுதியதை நான் முழுவதுமாக ஒப்புக்கொள்கிறேன்: அதில் மூன்று பாட்டுக்கான பொருள் இருக்கிறது, ஒரு பாட்டுக்கான பொறுமை இல்லை. ஆனால் டிஸ்கோ இசை முன்னோடி ஜியோர்ஜியோ மொரோடர் தன் இளமையைப் பற்றிப் பேசிக்கொண்டே போக, ஒன்பது நிமிடம் படிப்படியாக ஏறும் பாடலைக் கேட்டுவிட்டு அவர்கள் பொறுமையை மறந்துவிட்டார்கள் என்று எப்படிச் சொல்கிறாய்?

டிரம் நீக்கிய பதிப்பை நான் இரவில் ஹெட்போனில் முழுவதும் கேட்டேன். எல்லாப் பாடலும் தாங்கவில்லை. சிலவற்றில் சுவரைப் பெயர்த்தெடுத்தது போல வெறுமை தெரிகிறது. ‘கெட் லக்கி’ தாங்குகிறது. ராட்ஜர்ஸின் வலது கை தந்திகளை வெட்டி வெட்டிச் செல்லும் கணக்கிலும், பேஸ் தாமதித்து விழும் இடத்திலும் தாளம் முழுவதும் இருக்கிறது. டிரம் இருந்தபோது அதன் பின்னால் மறைந்திருந்தது இப்போது முன்னால் வந்து நிற்கிறது. நீ பாதியில் எழுந்தபோது எந்தப் பாடல் ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதவில்லை. ‘கெட் லக்கி’ எட்டாவது பாடல், ஆகவே நீ அதுவரை இருந்திருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன். அதை மட்டும் உன் பெரிய ஸ்பீக்கர்களில் போட்டு, மகளையும் உட்காரவைத்து, எந்த இடத்தில் அவளுடைய கால் ஆட ஆரம்பித்தது, எந்த இடத்தில் உன்னுடையது ஆரம்பித்தது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
ராஜசேகர்