தூண்டில் வேண்டாம், ஸ்வெட்டர் போதும்: உதகைக்கு வரும் எங்கள் விருந்தினர்களுக்கு

அன்புள்ள விருந்தினர்களுக்கு வணக்கம்.

மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் விடுதிக்கு வரும் போன்களில் அறை வாடகைக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படுவது இதுதான்: "அவலாஞ்சியில் ட்ரவுட் பிடிக்க ஏற்பாடு செய்து தருவீர்களா?" (அவலாஞ்சி உதகைக்கு அருகே உள்ள நீர்த்தேக்கப் பகுதி; ட்ரவுட் குளிர்ந்த ஓடைகளில் வாழும் மீன்.) நீலகிரியைப் பற்றிய பழைய சுற்றுலாக் கையேடு எதைப் புரட்டினாலும் மீன்பிடிப்பு என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள், நியாயம்தான். போனில் "இல்லைங்க" என்று ஒற்றை வார்த்தையில் முடித்தால் உங்களுக்கு மனக்குறை. ஆகவே விவரமாகவே எழுதிவிடுகிறோம்.

எங்கள் விடுதியில் மீன்பிடிப்பு ஏற்பாடு கிடையாது. தூண்டில் வாடகைக்குத் தருவதும் இல்லை. மீன்வளத்துறை எழுத்துமூலம் கொடுத்த அனுமதி, எந்த நீர்நிலை, எந்தத் தேதி என்ற குறிப்போடு உங்கள் கையில் இருந்தால் வண்டியும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. "வாட்ச்மேன் நமக்குத் தெரிஞ்சவர்தான், பார்த்துக்கலாம்" என்று பஸ் ஸ்டாண்டில் யாராவது சொன்னால் அவர் பின்னால் போகாதீர்கள். மாட்டினால் அபராதம் கட்டப்போவது நீங்கள்தான்.

ட்ரவுட் இந்த மலையின் மீனே அல்ல. இப்போது இங்கே இருக்கும் வானவில் ட்ரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஓடைகளில் பிறந்த இனம். வெள்ளைக்காரர்கள் இங்கே வந்து குளிர்ந்த ஓடைகளைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்து, 1860-களிலேயே கப்பலில் ட்ரவுட் முட்டை கொண்டுவர முயன்றார்கள். பலிக்கவில்லை. பிறகு எச்.சி. வில்சன் என்ற அதிகாரி 1907-இல் அவலாஞ்சியில் மீன் முட்டைகளைப் பொரிக்க வைக்கும் பொரிப்பகம் கட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் இலங்கையிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த வானவில் ட்ரவுட்தான் ஒருவழியாக இங்கே நிலைத்தது. விளையாட்டுக்காகத் தூண்டில் போடுகிற துரைமாருக்காகவே செய்த வேலை இது. முக்குருத்தி, பங்கிதப்பல் பக்கம் இன்றைக்கும் மீன்பிடிக் குடில் என்ற பெயரிலேயே கட்டடங்கள் நிற்கின்றன.

ஆனால் அந்தக் குடில்களைச் சுற்றியுள்ள புல்வெளி 1990 முதல் தேசியப் பூங்கா. வரையாடு மேய்கிற இடம். அங்கே ஒரு செடியைக்கூடப் பிடுங்கக் கூடாது என்கிறபோது மீனைப் பிடிப்பது எப்படி? எங்களைக் கேட்டால் இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ட்ரவுட் பூச்சிகளையும் தலைப்பிரட்டைகளையும் தின்று வளர்வது. இந்த ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகள் இருக்கின்றன. வெளியூர் மீனை இன்னும் பெருக்கி விளையாடுவதற்கான இடமல்ல இது.

மலைக்குக் கீழே மாயாற்றில் மஷீர் என்ற பெரிய ஆற்றுமீனைப் பிடிக்கலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். அதற்கும் இல்லை என்பதுதான் பதில். காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத திமில் மஷீர், அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக 2018-இல் சர்வதேச சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. போதாக்குறைக்கு மாயாறு ஓடுவது முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி.

சரி, மீன் பிடிக்காமல் என்ன செய்வது? முதலில் அவலாஞ்சிக்கே போங்கள். உதகையிலிருந்து எமரால்டு வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சோதனைச் சாவடிக்கு அப்பால் உங்கள் காரும் போகாது, எங்கள் ஜீப்பும் போகாது. வனத்துறை வண்டியில் சீட்டு வாங்கித்தான் போக வேண்டும். இது தொந்தரவு என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு அது பிடித்திருக்கிறது, ஏனென்றால் உள்ளே ஹார்ன் சத்தம் இல்லை. ஒருபக்கம் நீர்த்தேக்கம், மறுபக்கம் பள்ளத்தில் மட்டும் திட்டுத்திட்டாக வளர்ந்த சோலைக்காடு, மேடெல்லாம் புல். சோலை மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடைக்குக் கசியவிடுகிறது. கீழே கோவை, ஈரோடு வரைக்கும் பவானியில் வரும் தண்ணீரில் அந்தக் கசிவும் சேர்த்தி. டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் வந்தால் காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான் மரம்) சிவப்பாகப் பூத்திருக்கும். ட்ரவுட் பொரிப்பகமும் அந்தப் பக்கம்தான். பார்வையாளர்களை விடுகிற நாளாக இருந்தால் மீனைத் தொட்டியில் பார்த்துவிடலாம். ஓடுகிற, சில்லென்ற தண்ணீர் இல்லாவிட்டால் அந்த மீன் தாங்காது என்பதை அங்கே கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்வீர்கள்.

அவலாஞ்சிக்கு ஜூலை, ஆகஸ்ட்டில் வராதீர்கள். தென்மேற்குப் பருவமழை மலையின் அந்தப் பக்கத்தில்தான் கொட்டும். 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. சென்னையில் ஓராண்டுக்குப் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் அது! ரோடு சரிந்து, ஊர்கள் துண்டிக்கப்பட்டன. பாதை மூடியிருக்கும்போது அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இங்கே உட்கார்ந்து மழையைப் பார்ப்பது உங்களுக்கும் கட்டாது, எங்களுக்கும் கட்டாது.

அந்த மாதங்களில் லீவு அமைந்தால் கோத்தகிரிப் பக்கம் போகலாம். மலையின் கிழக்குச் சரிவு அது. அதற்கு முக்கிய மழை அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவத்தில்தான். ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர்தான், ஆனாலும் 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற காடு. அனுமதி வாங்கி காலையில் நடந்தால் நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவையின் குரல் கேட்காமல் திரும்ப மாட்டீர்கள். காட்டெருமை நின்றால் நீங்களும் நின்றுவிடுங்கள்; செல்ஃபி எடுக்க அருகில் போகிறவரை எங்கள் டிரைவர் கையைப் பிடித்து இழுப்பார், கோபித்துக்கொள்ள வேண்டாம். பக்கத்திலேயே கன்னேரிமுக்கில், உதகை நகரை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவனின் பங்களா, கொஞ்சம் தள்ளி கேத்தரின் அருவி, கோடநாடு காட்சிமுனை.

பைக்காரா எல்லோருக்கும் தெரிந்ததுதான். படகு உண்டு, அருவி உண்டு, கூட்டமும் உண்டு. எந்த அணையாக இருந்தாலும் தண்ணீரில் கால் நனைக்க இறங்காதீர்கள் என்று மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறோம். கரையில் சேறு, இரண்டடி தள்ளினால் ஆழம், தண்ணீரோ நீச்சல் தெரிந்தவனையே விறைக்க வைக்கிற குளிர்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலில் ஏறி வருவதென்றால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. வேகம் எதிர்பார்க்கக் கூடாது. சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. ஆகவே அறை பதிவான அன்றே பாஸுக்கும் போட்டுவிடுங்கள்; பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தால் இந்தக் கவலை இல்லை. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடமாட்டார்கள், மசினகுடிக்குக் கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். முதுமலைச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள், நிரப்பித் தருகிறோம். ஜனவரியில் காலையில் புல் மேல் உறைபனி படிந்திருக்கும்; பார்க்க வேண்டுமானால் ஆறு மணிக்கே எழுந்து தலைகுந்தாவுக்குக் கிளம்ப வேண்டும், காதுக்குக் குல்லா அவசியம்.

சாப்பாட்டில் ட்ரவுட் கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் சமையலறையில் வைக்கிற மீன்குழம்பு கடல்மீனில்தான். கீழேயிருந்து லாரியில் ஏறி வருவது. அதை ட்ரவுட் என்று சொல்லி உங்களிடம் காசு வாங்க மாட்டோம்.

வருவதாக இருந்தால் தேதி, எத்தனை பேர், அதில் குழந்தைகளும் வயதானவர்களும் எத்தனை பேர், யாருக்காவது மூச்சுத்திணறல் உண்டா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். எந்த நாளில் எந்தப் பக்கம் போவது என்று வழித்திட்டம் போட்டு, ஜீப் கட்டணத்தோடு மறுநாளே பதில் அனுப்புகிறோம்.

அன்புடன்,
விடுதிக் குடும்பத்தார்,
உதகை