இன்று இரவே அவளிடம் சொல்லு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். வேலை போனது பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. கம்பனி ஆட்களைக் குறைத்தபோது உன் பேரும் அதில் வந்துவிட்டது. படிப்பும் அனுபவமும் உன்னிடம்தான் இருக்கின்றன, இன்னொரு வேலை கிடைக்கும். என்னைத் தூங்கவிடாதது நீ கடைசியில் சொன்ன விஷயம். மருமகள் காலையில் கட்டித் தருகிற சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போகிற உடுப்போடு காரை எடுத்துக்கொண்டு போய், ஸ்காபரோவில் ஏதோ ஒரு நூலகத்தின் வாகனத் தரிப்பிடத்தில் பின்னேரம் வரை இருக்கிறாய். சோற்றையும் காருக்குள்ளேயே சாப்பிடுகிறாய். கறி மணம் நின்றால் அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று அந்தக் கனடாக் குளிரிலும் கண்ணாடியை இறக்கிவிடுவதாகச் சொன்னாயே, அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

"அம்மாவுக்குச் சொல்லாதீங்கோ அப்பா" என்றாய். அன்றிரவே சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒளித்து நான் எதுவும் செய்ததில்லை, இனியும் செய்யமாட்டேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "மருமகளுக்குச் சொல்லிட்டானோ?" என்பதுதான்.

ஆம்பிளை நான், இதை நான்தான் பார்க்கவேண்டும், அவளை ஏன் பயப்படுத்துவான் என்பது உன் நியாயம். அன்பால்தான் மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அப்படி மறைத்த ஆட்களை நான் புறக்கோட்டையில் கணக்கு எழுதிய காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

செட்டியார் தெருவில் ஒரு நகைப் பட்டறைக்காரர். தொழிலில் கெட்டிக்காரர், குடி கிடையாது, பிள்ளைகள் மேல் உயிர். கடைகளில் தங்கத்தைக் கடனாக வாங்கி நகையாகத் திருப்பிக் கொடுக்கிற தொழில் அது. விலை ஏறின நேரம் கணக்கு உதைத்தது. வட்டிக்கு எடுத்தார், பிறகு அந்த வட்டிக்காக இன்னொரு வட்டி. திகதி போட்டுக் கொடுத்த செக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் காலையில் பட்டறை திறக்கவில்லை, ஆளையும் காணவில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து மனைவி தேடிக்கொண்டு வந்தா. மூடிக் கிடந்த ஷட்டருக்கு முன்னால் அவவைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர், ஒவ்வொருவர் கையிலும் திரும்பிய செக். ஒருவர் அதை அவவின் முகத்துக்கு நேரே நீட்டி, "இது உங்கட மனுசன்ர கையெழுத்தோ இல்லையோ?" என்று கேட்டார். அவ அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.

ஆள் திருச்சியில் இருந்து சில மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இரண்டு பேருமாக உழைத்துக் கடனையும் அடைத்தார்கள். ஆனால் அவ ஒருநாள் என்னிடம் சொன்னா: "கடன் கட்டலாம் அண்ணை. ஊருக்கெல்லாம் தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியாமல் அந்தப் படியில நிண்டனே, அதை மறக்க ஏலாது." அதற்குப் பிறகு அவர் மத்தியானம் சாப்பிட்டேன் என்று சொன்னால்கூட அவ நம்புவதில்லை. காசு போனால் வரும். அந்த மனிசனுக்கு வீட்டில் இருந்த சொல்மதிப்பு கடைசிவரை திரும்பி வரவில்லை.

இன்னொருவரை உனக்கே தெரியும், நம்முடைய ஃபிளாட்டில் மூன்றாம் மாடியில் இருப்பவர், ஹோட்டலில் வேலை. 2022இல் டொலர் இல்லாமல் நாடு கவிழ்ந்து, சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் காலி வீதி நெடுகக் கியூ நின்ற காலத்தில் அவருடைய சம்பளம் பாதியாகியது. அன்றிரவே மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் சாப்பாட்டு மேசையில் இருத்தி, மகளின் சி.ஆர். கொப்பியில் வரவையும் செலவையும் எல்லாருக்கும் தெரிய எழுதினார். நாங்கள் பாண் கொடுக்கப் போனபோது அந்தக் கொப்பி விரித்தபடி கிடந்தது. "ஸ்கூல் வான்" என்று எழுதியிருந்த வரியைச் சின்னவள் தானே வெட்டிவிட்டு, பக்கத்தில் "154 பஸ்" என்று எழுதியிருந்தாள். அந்த வீட்டில் அவருடைய மரியாதை ஒரு சதம் குறையவில்லை.

நீ போன மாதம் அனுப்பிய வீடியோவையும் முழுவதும் பார்த்தேன். விடிய எழும்பு, உடம்பைக் கவனி, சொன்ன சொல்லைக் காப்பாற்று என்று அந்த ஆள் சொல்வதெல்லாம் சரி. உன்னைப்போல் ஊர்விட்டு ஊர்போய்த் தனித்து நிற்கிற பெடியன்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாததால்தான் அவன் சொல்வதைக் கேட்கிறார்கள். ஆனால் பாதிக்குப் பிறகு, உழைக்காத ஆணைப் பெண் மதிக்கமாட்டாள், பலவீனத்தைக் காட்டினால் முடிந்தாய், கூட்டத்தை அடக்கி ஆளுகிற ஆல்ஃபாவாக இரு என்கிறான். அந்த ஆல்ஃபா எங்கிருந்து வந்தது என்று தேடி வாசித்தேன். 1947இல் ருடோல்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிற்சர்லாந்தில் பாசல் விலங்குக்காட்சிச்சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதினது. அடைத்து வைத்தால் எந்தச் சீவனும் அடிபடும். அந்தக் கருத்தை 1970இல் பெரிதாகப் பரப்பியவர் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக். காட்டில் திரிகிற ஓநாய்களை நெடுங்காலம் கவனித்த பிறகு, 1999இல் அவரே அதைத் திருத்தி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம், முன்னால் நடப்பவை தாயும் தகப்பனும், மற்றவை அவற்றின் குட்டிகள். இதை அந்த வீடியோக்காரன் சொல்லவில்லை, நீ தெரிந்துகொள்.

அம்மா கோண்டாவில் காணியை விற்று உனக்கு அனுப்பலாம் என்கிறாள். அது அவளுடைய சீதனக் காணி. இருந்தும் யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி அதை விற்க என்னுடைய சம்மதம் வேண்டும். என் பேரில் இருப்பதை நான் விற்க அவளுடைய சம்மதம் தேவையில்லை. இது நியாயம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை, அதனால் அவளைக் கேட்காமல் நான் எதிலும் கையெழுத்து வைத்ததும் இல்லை. வீட்டுக்கு வருகிற நல்லது கெட்டதை ஆண் ஒருவனே தீர்மானிக்கவேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்ட இடத்தில் பிறந்தவர்கள் நாங்கள். உனக்கு அந்த எண்ணம் வந்தது புதுமையில்லை. ஆனால் அதை நீ தூக்கிக்கொண்டு திரியவேண்டியதும் இல்லை. காணியை இப்போது விற்கத் தேவையில்லை, அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். அதற்கு முதல் செய்யவேண்டியது வேறு இருக்கிறது.

வேலைக் காப்புறுதிக்கு நீ இன்னும் விண்ணப்பிக்கவில்லை, கடிதம் வீட்டுக்கு வந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து. தம்பி, கனடா அரசின் விபரத்தை வாசித்துப் பார்த்தேன். பெரும்பாலானவர்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 55 வீதம், ஒரு உச்ச வரம்புக்குள் கிடைக்கும். கடைசி வேலைநாளில் இருந்து நாலு கிழமைக்கு மேல் தாமதித்தால் கிடைக்கவேண்டியதை இழக்கவும் கூடும். நீ சம்பளத்தில் இருந்து கட்டிவந்த காப்புறுதி அது, அதைக் கேட்டு எடுப்பதில் வெட்கம் எதற்கு? நீ மறைப்பதற்கு உன் வீடு இப்போது காசு கட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றை நேராகவே கேட்கிறேன், கோபிக்காதே. தனியாக அந்தக் காருக்குள் இருக்கும்போது, செத்தால் நல்லது என்று எப்போதாவது நினைத்தாயா? இலங்கையில் அப்படிப் போய்ச் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். 1995 அளவில் உலகிலேயே மிக மோசமான நாடுகளில் நாங்களும் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அந்தச் சாவுகள் பெரிய அளவில் குறைந்தன. கடன், வேலை, குடும்பப் பிரச்சினை எதுவும் நாட்டைவிட்டுப் போகவில்லை. நஞ்சு கைக்கெட்டாமல் போனதும் ஆட்கள் பிழைத்தார்கள். அந்த எண்ணம் எவ்வளவு பலமாக வந்தாலும் கடந்துபோகும் என்பதற்கு இதைவிட எனக்குச் சாட்சி வேண்டாம். அப்படி ஒரு எண்ணம் வந்திருந்தால் எனக்குச் சொல்லு, எந்தச் சாமத்திலும் எடு. அங்கே 988 என்ற இலக்கம் இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். இங்கே 1926 இருப்பதுபோல. அழுதாலும் பரவாயில்லை, நீ என் பிள்ளை.

அவளிடம் எப்படித் தொடங்குவது என்று கேட்டாய். பெரிய முன்னுரை வேண்டாம். அவள் வேலையால் வந்து தேத்தண்ணி குடித்து முடிக்கட்டும், டிவியை நிற்பாட்டிவிட்டுச் சொல்லு: வேலை போய்விட்டது, இத்தனையாம் திகதியில் இருந்து, உனக்குச் சொல்லப் பயந்தேன். அவள் கோபப்படுவாள். வேலை போனதற்கு இல்லை, இத்தனை நாள் அவள் கட்டித் தந்த சோற்றை நீ காருக்குள் தனியாக இருந்து சாப்பிட்டதற்கு. அந்தக் கோபத்துக்கு மறுமொழி சொல்லாதே, முழுவதையும் கேள். அறையை விட்டு எழும்பிப் போகாதே. அவள் இரண்டு நாள் கதைக்காமல் இருந்தாலும் அந்த வீட்டிலேயே இரு, சமை, பாத்திரம் கழுவு, விண்ணப்பத்தை அவளுக்கு முன்னால் இருந்து நிரப்பு.

பிறகு வாடகை, கார்க் கடன், கையிருப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு இரண்டு பேருமாக எங்களுக்கு எடுங்கள். உங்களுக்குக் காலை என்றால் எங்களுக்கு இரவு, நாங்கள் விழித்திருப்போம். காணிக் கதையை மருமகளோடுதான் கதைப்பேன், உன்னோடு இல்லை என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா