செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் அங்கத்தவர்களுக்கும் என் பணிவான வணக்கங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல நுவரெலியாவில் நடைபெற்றன.

இவ்வாண்டு எமது கவனம் பெரிதும் இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியின் மீதே இருந்தது. 1872இல் ஹோல்ட்ஸ்வர்த் என்பவரால் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்ட இப்பறவை உலகில் இலங்கையின் மத்திய மலைநாட்டில் மட்டுமே வாழ்கிறது. இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனமாக, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஏறத்தாழ 900 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், மரக்கிளைகள் கூரையாக மூடி, வெயில் எளிதில் புகாத ஓடைப் பள்ளங்களே அதன் இருப்பிடம் என்பதால், காடு இருந்தும் ஓடை வற்றிய இடத்திலோ, ஓடை இருந்தும் கரைமரங்கள் வெட்டப்பட்ட இடத்திலோ அதனைத் தேடுவதில் பயனில்லை.

பட்டிப்பொலவிலிருந்து ஹோட்டன் சமவெளிக்குச் செல்லும் வீதியோரத்து அரெங்கா குளத்தருகே, விடியலின் மங்கிய வெளிச்சத்தில் அங்கத்தவர்கள் அதனை நன்றாகக் கண்டார்கள். பாசி படர்ந்த கல்லில் வந்தமர்ந்த ஆண் பறவை வாலை மெல்ல விசிறிபோல் விரித்து மூடியது. கருநீல உடலில் தோளின் நீலத்திட்டு ஒரு கணம் பளிச்சிட்டது. பின்னர் நீரோரச் சருகுகளிடையே இறங்கி இரை தேடியது. பெண் பறவை பழுப்பு நிறமுடையது என்பதால் நிழலில் அதைப் பிரித்தறிவது கடினம். பூச்சிகளே இதன் முதன்மை உணவு. நத்தை, சிறு தவளை, பல்லி ஆகியவற்றையும் உண்ணும். இவற்றுட் பல ஈரத்தை நம்பி வாழ்பவை. ஆகவே மரக்கறித் தோட்டங்களில் தெளிக்கப்படும் பூச்சிநாசினி மழையோடு ஓடையில் கலக்கும்போது, காட்டில் ஒரு மரமும் வெட்டப்படாமலே இப்பறவையின் உணவு அற்றுப்போகக்கூடும். இதுவே என்னை மிகவும் கவலைகொள்ள வைக்கும் விடயம்.

குருவியின் குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டு அதனை வெளியே அழைப்பதை, குறிப்பாகக் கூடுகட்டும் காலத்தில், அங்கத்தவர் எவரும் செய்யலாகாது என நிர்வாகக் குழு ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது. ஓடையின் இருகரைகளிலும் இயற்கையான மரஞ்செடிகளை விட்டுவைக்குமாறும், கரையோரத்தில் மருந்து தெளிப்பதைத் தவிர்க்குமாறும் அயலிலுள்ள தோட்ட நிர்வாகங்களையும் மரக்கறிச் செய்கையாளர்களையும் நேரில் சந்தித்துக் கேட்டுக்கொள்ளும் பிரேரணையைச் சபையின் அங்கீகாரத்துக்காக முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்