"வெள்ளம் ஏறாத காணி"யை மாரியில் வந்து பாருங்கள்

ஆசிரியருக்கு,

நான் மட்டக்களப்பு நாவற்குடாவில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆட்டோக்காரன். எங்கள் ஒழுங்கை கல்முனை வீதியில் தொடங்கி வாவிக்கரையில் முடிகிறது. அந்த முடிவில் 9 ஏக்கர் சதுப்பு. அதை நிரப்பி, 10 பேர்ச் (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) வீதம் 90 துண்டாக்கி வீடுகள் கட்டப் போகிறார்களாம். போன மாதம் பலகை நட்டுவிட்டார்கள். "வெள்ளம் ஏறாத காணி" என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியவர் ஆவணி வெயிலில் வந்திருப்பார். நிலம் அப்போது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்.

2011 தையில் அந்தச் சதுப்பு நிரம்பி, எங்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டித் தண்ணீர் வந்தது. ஒன்பது நாள் பள்ளிக்கூடத்தில் படுத்தோம். சதுப்பில் மண் கொட்டாமல் இருந்தபோதே அப்படி. ஒவ்வொரு மாரியிலும் ஊர் மழை முழுவதும் ஒரே மதகால் அதற்குள் இறங்கி, வாவி வற்ற வற்ற மெதுவாக வடியும். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டும்வரை வாவியும் தண்ணீரை வாங்காது. அதுவரை தண்ணீரை வைத்திருப்பது அந்த 9 ஏக்கர்தான். அம்மா பலகையைப் பார்த்துவிட்டு, "மனே, தண்ணி போற வழிய அடைச்சா அது நம்மட வளவுக்குள்ளதான் வரும்" என்றார். பொறியியலாளர் யாரும் இதுவரை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

கரையில் நிற்கும் கண்ணா (அலையாத்தி) மரங்களையும் வெட்டுவார்கள் போலிருக்கிறது. அவற்றின் வேருக்குள்தான் இறால் குஞ்சும் திரளி மீன் குஞ்சும் ஒதுங்கும். அப்பா வீச்சுவலையோடு இறங்கிய இடம் அது. அப்புறம் கிணறு. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்தாலும் குளிக்க, துவைக்க கிணறுதான். மணல் நிலத்தில் 90 மலசலகூடக் குழி வந்தால் அது எங்கே ஊறும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி என் தொழில் விஷயம். ஒழுங்கை 12 அடி. ஆட்டோவும் சைக்கிளும் விலகலாம். டிப்பர் வந்தால் ஒருவர் பின்னுக்குப் போக வேண்டும். அனுமதி இன்னும் கிடைக்கவில்லை என்கிறார்கள், ஆனால் நிரப்பும் கிரவல் மண் வந்துவிட்டது. போன செவ்வாய் காலை ஏழே கால் மணிக்கு டிப்பர் ஒன்று எதிரே வந்து நின்று ஹோர்ன் அடித்தது. பிள்ளைகளோடு கோயிலடி வரை பின்னுக்கு ஓட்டினேன். ஆட்டோ குலுங்கியதில் ஒரு சின்னப்பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் வெளியே விழுந்தது. டிப்பர் போனபிறகு எடுத்தேன். அப்பளம் மாதிரி இருந்தது. பிள்ளை அழவில்லை, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அன்றிரவு மகனோடு கணக்குப் போட்டேன். 9 ஏக்கரை 3 அடி உயர்த்த ஏறக்குறைய 11,760 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மண் வேண்டும். 3 கியூப் டிப்பரில் 3,920 லோட். வெறும் வண்டி திரும்பும் நடையையும் சேர்த்தால் இரட்டிப்பு. வீடு கட்டும் கல், சீமெந்து, பிறகு 90 குடும்பங்களின் வாகனம் எல்லாம் இதற்கு மேல். 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப்பாலம் போட்டார்கள்; எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் இன்னொரு ஒழுங்கை போட இடமில்லை, இரண்டு பக்கமும் மதில்.

சதுப்பு நிலத்தில் பொதுவாக 4 ஹெக்டேயருக்கு மேல் நிரப்பினால்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். வீடுகள் என்றால் 1,000க்கு மேல். 9 ஏக்கர் என்பது 3.6 ஹெக்டேயர் சொச்சம். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிச் சரியாக உள்ளே நிற்கிறது.

வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. என் தங்கச்சி பதினொரு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறாள். தரகர் தம்பியும் "அண்ணே, உங்கட வளவுக்கும் விலை ஏறுமே" என்றார். ஏறட்டும். தண்ணீர் நிற்கும் வளவை யாருக்கு விற்பது?

கேட்பது ஒன்றுதான். அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் கையெழுத்தை மார்கழி வரை தள்ளிவைத்து, இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு ஒருமுறை வந்து பார்க்கட்டும். கல்முனை வீதியில் இறங்கினால் போதும், அங்கிருந்து நான் ஏற்றி வருகிறேன், காசு வேண்டாம். மதகடி வரைதான் ஆட்டோ போகும். அதற்கு அப்பால் காற்சட்டையை மடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

பாடசாலை ஆட்டோ ஓட்டுநர்,
நாவற்குடா, மட்டக்களப்பு.