பனி காயும் முன்னே வாருங்கள்

கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கரிசக்காட்டில் 43 செம்மறி வைத்துப் பிழைக்கிறேன். குட்டிகள் தனிக்கணக்கு. ஆட்டுக்கொல்லி நோய்க்கு நீங்கள் நடத்தும் தடுப்பூசி முகாமின் நேரத்தை மாற்றச் சொல்லத்தான் இந்த மடல்.

காலை பத்தரைக்கு ஊர் மந்தைவெளியில் முகாம் என்கிறீர்கள். அந்நேரம் எந்த ஆட்டுக்காரன் ஊருக்குள் இருப்பான்? புல்லில் பனி காயும்வரை நாங்கள் பட்டியைத் திறப்பதில்லை. பனிப்புல்லோடு புழுவும் வயிற்றுக்குள் போய்விடும். ஒன்பது மணி வாக்கில் பத்திக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவோம். ஆறிலிருந்து எட்டுவரை அத்தனையும் பட்டிக்குள் நிற்கும், கையை நீட்டினால் பிடித்துவிடலாம். வெட்டவெளியில் ஒரு கிடாயைத் துரத்திப் பாருங்கள், தெரியும்.

போன ஐப்பசியில் ஒருநாள் மேய்ச்சலைக் கெடுத்து, நாலு கிலோமீட்டர் பத்திக்கொண்டு வந்தேன். திறந்த மருந்துப் புட்டி தீர்ந்திருந்தது. "இன்னொண்ணை உடைச்சா நூறு ஆட்டுக்குப் போடணும். உங்க நாப்பதுக்காக உடைக்க முடியாதுண்ணே" என்றார் ஊசி போட வந்த தம்பி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தத் தடுப்பு மருந்தைக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மிச்சம் வீண்.

மார்கழியில் அந்தச் சீக்கே வந்தது. முதலில் ஒரு பெட்டைக் குட்டி. கண்ணில் பீளை, மூக்கில் சளி காய்ந்து அடைப்பு, ஈறெல்லாம் புண். தாய் மடிவரை வாயைக் கொண்டுபோகும், உறிஞ்ச முடியாமல் அப்படியே நிற்கும். ஆறு குட்டி போயிற்று. பால் கட்டிய தாயாடுகள் குட்டி அடைக்கும் வெறும் கூடாப்பைச் சுற்றிக் கத்தியதில் நாலைந்து ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை. தாய்க்கு ஊசி போட்டிருந்தால் சீம்பாலிலேயே குட்டிக்குக் கொஞ்ச மாதம் காப்பு கிடைத்திருக்கும்.

இந்தியாவில் இந்த நோய் முதலில் பிடிபட்டதே 1987-இல், நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான். 2030-க்குள் உலகத்திலேயே ஒழிப்போம் என்கிறார்கள். ஒரு ஊசி மூன்று வருஷம் தாங்கும் என்றும் நீங்கள்தான் சொல்கிறீர்கள். பிறகு நேரம்தானா தடை?

எங்கள் ஓடைக்கரையில் கூப்பிடு தூரத்தில் மூன்று பட்டி. சேர்த்தால் நூறு தேறும், ஒரு புட்டிக்குச் சரி. காலைக் குளிர்ச்சி மருந்துக்கும் நல்லது. முதல்நாள் ஒரு போன் போதும். ஜீப் வராது, பைக் வரும். ஆடுகளை நாங்களே பிடித்துத் தருகிறோம். நாயைக் கட்டிப்போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓடைக்கரைப் பட்டிக்காரன்