ஆறு மணிக் கட்டம்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். திசையன்விளைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் கல்லூரியில் உயிர்வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிற பிள்ளையின் அம்மா. பெண்பிள்ளைகளை மட்டும் நாலரை மணிக்கே லேபிலிருந்து அனுப்பிவிடுகிற விஷயமாக இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. அதனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை.

அறிவியல் தினத்தன்று உயிர்வேதியியல் விஞ்ஞானி கமலா சோஹோனியைப் பற்றி என் மகள் எழுதி ஒட்டிய சார்ட்டைப் பாராட்டி, பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டீர்கள். அன்று சாயங்காலமும் நாலரைக்கு மணியடித்து, பெண்பிள்ளைகளை மட்டும் லேபிலிருந்து கிளம்பச் சொன்னார்கள். பையன்கள் ஏழு மணிவரை இருந்தார்கள்.

சார்ட்டை முழுதாக வாசித்தீர்களா என்று தெரியவில்லை. 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இடம் கேட்டபோது, பெண் என்பதாலேயே அந்த அம்மாவை மறுத்தவர் சர் சி.வி. ராமன். நம்ம திருச்சியில் பிறந்தவர்தான். அந்த அம்மா அசையாமல் நின்றதால் ராமன் இறங்கி வந்து நிபந்தனைகள் போட்டார். முதல் வருஷம் முறையான மாணவி என்ற கணக்கில்லை. லேபின் சூழ்நிலையைக் கெடுக்கக்கூடாது. வழிகாட்டி சொன்னால் ராத்திரி எந்நேரமானாலும் வேலை செய்யவேண்டும். அந்த மூன்றாவதைப் பாருங்கள் ஐயா. இடம் தர மனமில்லாத ராமனே ராத்திரி வேலைக்குக் கதவைத் திறந்துதான் வைத்தார்.

அப்புறம் கமலா கேம்பிரிட்ஜ் போய், உருளைக்கிழங்கில் வேலை செய்து, செல்கள் சுவாசிக்க உதவுகிற சைட்டோகுரோம் சி என்ற புரதம் தாவரத் திசுக்களில் இருப்பதைக் காட்டி, 1939இல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வேடு வெறும் நாற்பது பக்கம். இங்கே திரும்பி வந்து பயறு, பருப்பு, நீரா என்று ஏழை ஜனங்கள் சாப்பிடுகிறதைத்தான் ஆராய்ந்தார். நீரா என்றால் வேறொன்றுமில்லை, நம்ம பதநீர் வகைதான். என் மகள் அவரைப் பிடித்துக்கொண்டது அதனால்தான். என் அப்பா பனையேறி.

அவளுடைய புராஜெக்டும் பதநீர்தான். கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு புளிப்பை எவ்வளவு நேரம் தள்ளிப்போடுகிறது, வைட்டமின் சி மணிக்கு மணி எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறாள். விடியற்காலையில் இறக்கியதைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வருகிறாள். கண்டக்டர் தினமும், "என்ன பாப்பா, கள்ளா?" என்று கேட்கிறாராம். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு மணிக்கு அளவு எடுக்கவேண்டும். சாயக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் நிற்கிற இடத்தைக் குறிக்கவேண்டும். அந்த நோட்டைப் பார்த்தேன். நான்கு கட்டம் வரிசையாக எண்கள், ஐந்தாவது காலி. பதினோரு நாள், பதினோரு காலிக் கட்டம். நாலரைக்கு மேல் பதநீர் என்ன ஆகிறதென்று பார்க்க வீட்டுக்கா கொண்டுவர முடியும்? சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிற பியூரெட் குழாய்க்கு இங்கே எங்கே போவேன்? மறுநாள் காலையில் லேபில் பார்த்தால் சட்டி நுரைத்துக் கிடக்கிறது. தொட்டியில் ஊற்றிவிட்டு வருகிறாள்.

பெண்பிள்ளைகளுக்கும் ஏழு மணிவரை லேபைத் திறந்து வையுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

பாதுகாப்பு என்பீர்கள். சரி. பாதுகாப்பு என்றால் பூட்டு ஒன்றுதானா ஐயா? வராந்தாவில் ஒரு டியூப் லைட், வாசலில் ஒரு வாட்ச்மேன் போதாதா? பையன்கள் இருப்பதால் ஆபத்து என்றால் அவர்களை நாலரைக்கு அனுப்பிவிட்டு இவர்களை வைத்துக்கொள்ளலாமே. இதையெல்லாம் செய்யாமல் நுழைவாயிலில் 'பெண் கல்வி நாட்டின் கண்' என்று ஃபிளெக்ஸ் வைக்கிறீர்கள். கண் நாலரைக்கு மூடிக்கொள்ளும் போலிருக்கிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்கும் தெரியும். ஏழு மணிவரை லேபைத் திறந்து வையுங்கள் என்று பணிவோடுதான் கேட்கிறேன். அதற்கப்புறமும் எங்கள் ஊருக்கு பஸ் இருக்கிறது, ஸ்டாப்பில் நான் வந்து நிற்பேன். எழுத்தில் சம்மதம் வேண்டுமென்றால் இந்த மடலையே வைத்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசி தாண்டினால் பதநீர் குறைந்துவிடும், அதற்குள் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்