சூரியனுக்குள் போன கப்பல்கள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. படுத்திருந்த நாட்களில் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வை, மனிதன் செய்த சைலான் இயந்திரங்களிடமிருந்து தப்பி மிஞ்சிய ஜனம் கப்பல்களில் வீடு தேடி அலையும் அந்த விண்வெளித் தொடரை, முழுக்கப் பார்த்து முடித்துவிட்டாய் என்பது அதைவிடப் பெரிய செய்தி. எத்தனை வருடமாகத் தலைபாடாக அடித்துக்கொண்டேன்! முழங்காலைக் கிழித்தால்தான் என் பேச்சு உன் காதில் ஏறும்போல. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். சின்னவன் என்ன படிப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான், அவசரமே இல்லாமல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசி எபிசோடைப் பார்த்து அழுததாகவும், மறுநாள் காலையில் அதே எபிசோட் மேல் கோபம் வந்ததாகவும் எழுதியிருக்கிறாய். அது உனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2009 மார்ச் 20 அன்று அது ஒளிபரப்பானதிலிருந்து ரசிகர்கள் பாதிப்பேர் அழுகையிலும் பாதிப்பேர் கோபத்திலும் இருக்கிறார்கள். என்னை மாதிரி சிலர் இரண்டிலும். ஆனால் உன் கோபம் விமானி காரா மேல். பேசிக்கொண்டிருக்கும்போதே கப்பல் தளபதி அடாமாவின் மகன் லீயின் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோனாளே, அவள் பேயா, தேவதையா, என்னதான் என்று கேட்கிறாய். அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. செத்தவள் திரும்பி வந்தாள், தன் பிணத்தைத் தானே கண்டுபிடித்து எரித்தாள், சின்ன வயதில் கற்ற பாட்டின் சுரங்களை எண்களாக்கி, தாவ வேண்டிய இடத்தைத் தட்டினாள், வேலை முடிந்தது, போய்விட்டாள். தீர்க்கதரிசனமும் தரிசனமும் கடவுளும் முதல் சீசனிலிருந்தே கதைக்குள் இருந்தவை. விஞ்ஞானி பால்டரின் தலைக்குள், அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் சிவப்பு கவுன் போட்டவள் உலாத்தும்போது ரசித்தவர்கள், கடைசியில் வந்து 'இது அறிவியல் இல்லை' என்று சொல்வது நியாயமாகப் படவில்லை.

என் கோபம் வேறு இடத்தில். அதற்கு முன்னால் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் வெறும் குறை சொல்லி என்று முடிவு கட்டிவிடுவாய்.

விமானத் தளத்தில் அடாமா தரையில் சிவப்பு டேப் ஒட்டுகிற காட்சி. மனித அப்பாவுக்கும் மனித உருவச் சைலான் அம்மாவுக்கும் பிறந்த குழந்தை ஹீராவைச் சைலான்களிடமிருந்து மீட்கப் போகிறோம், அநேகமாகத் திரும்பி வரமாட்டோம், வருகிறவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். அவ்வளவுதான் பேச்சு. யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதிலேயே நான்கு சீசன் கணக்கும் தீர்ந்துவிடுகிறது. ஜனாதிபதியாக இருந்து, இப்போது புற்றுநோயில் நடக்கவே முடியாத லாரா ராஸ்லின் மெல்ல மெல்ல வந்து அந்தப் பக்கம் சேர்கிறார். சிகரெட்டும் கையுமாக அலையும் கிழட்டு டாக்டரும் வந்து நிற்கிறார். அடாமா அவரை மட்டும் திருப்பி அனுப்புகிறார்: மிச்சமிருக்கும் ஜனத்துக்கு ஒரு டாக்டரை இழக்கக் கட்டுப்படியாகாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் பால்டர். தொடர் முழுக்க நாம் திட்டிய ஆள். விவசாயி அப்பாவையும் ஊர்ப் பேச்சையும் உதறிவிட்டு, கஷ்டப்பட்டு வேறொரு உச்சரிப்பைப் பழகிக்கொண்டு, பெரிய விஞ்ஞானியாகக் காட்டிக்கொண்டவன். அந்த அப்பாவையும் பழைய வீட்டையும் கடைசி எபிசோடின் பின்கதையில் காட்டினார்களே, அது எதற்கு என்று கடைசி வரை புரியவில்லை. எல்லாம் முடிந்து புல்வெளியில் நிற்கும்போது, எனக்கு விவசாயம் தெரியும் தெரியுமா என்று காதலியான சைலான் பெண் சிக்ஸிடம் சொல்ல வந்து, சொல்லி முடிக்கும்போது உடைந்துபோகிறான். ஜேம்ஸ் காலிஸ் அந்த ஒரு வரியில் செய்ததை நான் எத்தனை தடவை பார்த்தாலும் தொண்டை அடைக்கிறது. ராஸ்லின் இறப்பதை எழுதப்போவதில்லை. நீயும் எழுதவில்லை, கவனித்தேன்.

தொடரின் தலைமை எழுத்தாளர் ரொனால்ட் மூர் இந்த முடிவை எழுதும்போது கதை முடிச்சுகளில் மாட்டிக்கொண்டு, ஒருநாள் எழுத்தாளர் அறை வெள்ளைப் பலகையில் 'கதாபாத்திரங்கள்தான் முக்கியம், மடையா' என்கிற மாதிரி எழுதி வைத்தாராம். அவரே பலமுறை சொன்னது. மனிதர் 1994-இல் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' கடைசி எபிசோடையும் பிரானன் பிராகாவோடு சேர்ந்து எழுதியவர். அதிலும் மூன்று காலங்களுக்குத் தாவும் பெரிய புதிர் ஒன்று இருக்கும். நமக்கு நினைவில் நிற்பதோ, கேப்டன் பிக்கார்ட் முதன்முறையாக வந்து மற்றவர்களோடு சீட்டாட உட்காருவதுதான். ஆக அவர் கைப்பழக்கம் தெரிந்ததுதான். முகங்களை ஒருநாளும் கைவிடமாட்டார். கலாக்டிகாவில் முகங்களைக் காப்பாற்றிவிட்டு, தொடரின் கருத்தைக் கைவிட்டுவிட்டார் என்பதுதான் என் புகார்.

எப்படி என்கிறாயா? இந்தக் கதையைத் தொடங்கிவைத்த, 2003-இல் வந்த குறுந்தொடரை நினைத்துப் பார். கலாக்டிகா ஏன் பிழைத்தது? புதுக் கப்பல்கள் எல்லாம் கணினி வலையால் இணைக்கப்பட்டிருந்தன. சைலான்கள் ஒரே நேரத்தில் அத்தனையையும் செயலிழக்கச் செய்தார்கள். கலாக்டிகா மட்டும் வயர் போட்ட தொலைபேசியோடு, ஒன்றோடொன்று சேராத கணினிகளோடு, அருங்காட்சியகமாகப் போகவிருந்த கிழட்டுக் கப்பல். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன வலையமைப்பு வைக்கலாமே என்று கல்வி அமைச்சராக வந்த ராஸ்லின் கேட்டபோது, என் கப்பலில் முடியவே முடியாது என்றார் அடாமா. ஏன்? நாற்பது வருடத்துக்கு முந்தைய போர் அவருக்கு ஞாபகம் இருந்தது. மற்ற எல்லோரும் மறந்துவிட்டார்கள், செத்தார்கள். அதாவது இயந்திரத்தால் ஆபத்து என்றால் என்ன செய்வது என்பதற்குத் தொடர் முதல் நாளே பதில் சொல்லிவிட்டது. தூக்கி எறியாதே, பட்டதை மறக்காமல் கவனமாகப் பயன்படுத்து.

கடைசி நாளில், நம் பூமியில் வந்து இறங்கியதும், அதே ஆட்கள் என்ன செய்கிறார்கள்? லீ ஒரு யோசனை சொல்கிறான்: நகரம் வேண்டாம், கப்பல் வேண்டாம், புதிதாகத் தொடங்குவோம். உடனே மொத்தக் கப்பல்களையும் காராவின் கணவன் ஆண்டர்ஸ் சூரியனுக்குள் ஓட்டிக்கொண்டு போகிறான். கையில் எடுத்துப் போகக் கொஞ்சம் சாமான்களைப் பங்கு பிரித்தார்கள்தான். ஆனால் ஒரு டாக்டரை இழக்க முடியாது என்று கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளினார்களே, அந்த டாக்டரின் ஆஸ்பத்திரியே போய்விட்டது. அடாமா ராஸ்லினுக்கு வாசித்துக் காட்டிய, மூலை வெட்டிய தாள் புத்தகங்களும் போயிருக்கும். இதில் இன்னொரு வேடிக்கை: உலோக உடம்புச் சைலான்களான சென்டூரியன்களுக்கு ஒரு பேஸ்ஷிப்பை, அதாவது சைலான் பெருங்கப்பலைக் கொடுத்து, போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று விடுதலை செய்கிறார்கள். ஆக, பட்டது அத்தனையையும் ஞாபகம் வைத்துக்கொண்டு போவது இயந்திரங்கள் மட்டும். மறந்துவிடுவது என்று முடிவெடுப்பது மனிதர்கள். 'இதெல்லாம் முன்பும் நடந்தது, மறுபடியும் நடக்கும்' என்று நான்கு சீசன் மந்திரம் ஓதிவிட்டு, அது மறுபடி நடப்பதற்குத் தோதான ஒரே வேலையைச் செய்துவிட்டு, அதை நம்பிக்கையான முடிவு மாதிரி இசை போட்டுக் காட்டினால் கோபம் வராதா?

அதைவிட மோசம், யாருமே எதிர்க்கவில்லை என்பது. முப்பத்தெட்டாயிரம் பேர் மாப்ளே! தண்ணீர் பங்கீட்டுக்குச் சண்டை போட்டவர்கள், தேர்தலில் ராஸ்லினைத் தோற்கடித்து பால்டரை உட்கார வைத்தவர்கள். சைலான் இயந்திரத்தை நம் கப்பல்களில் பொருத்தக் கூடாது என்று அதிகாரி கேட்டாவும் துணை ஜனாதிபதி ஜாரெக்கும் கலகம் செய்து, துப்பாக்கி முன் நின்று செத்த எபிசோட் வெளிவந்து ஆறே வாரம்தான் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட ஜனம், பல் வலித்தால் மாத்திரை கூட இல்லாத வாழ்க்கைக்கு வாய் திறக்காமல் தலையாட்டியதாம். எல்லோரும் ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியம் என்று வக்கீல் லாம்ப்கினை ஒரு வரி பேச வைத்திருக்கிறார்கள். எழுதியவருக்கே உறுத்தியிருக்கிறது, அதனால்தான் அந்த வரி. ஒளிபரப்புக்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 17 அன்று, இந்தத் தொடரை வைத்து ஐ.நா. சபையிலேயே மனித உரிமை, பயங்கரவாதம், சமரசம் என்றெல்லாம் கலந்துரையாடல் நடத்தினார்கள். நடிகர்களும் போனார்கள், மூரும் போனார். அவ்வளவு தூரம் அரசியல் பேசிய தொடர், தன் கடைசி முடிவை ஓட்டெடுப்பு இல்லாமல் எடுத்தது.

அப்புறம், உனக்குப் பிடித்ததாகச் சொன்ன, கதை நம் காலத்துக்கு வந்து சேரும் அந்த ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் வருடத் தாவல். நியூயார்க்கில் பத்திரிகை படித்துக்கொண்டு நிற்பவர் மூரேதான், கவனித்தாயா? தான்சானியாவில் கிடைத்த எலும்பு 'மைட்டோகாண்ட்ரியல் ஏவாள்', அது ஹீரா என்று முடிக்கிறார்கள். கேட்க அழகுதான். 1987-இல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை 147 பேரிடம் ஒப்பிட்டு, எல்லோருடைய தாய்வழியும் ஏறக்குறைய இரண்டு லட்சம் வருடத்துக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணில் போய்ச் சேர்கிறது என்றார்கள். அவள் முதல் பெண்ணும் இல்லை, அந்தக் காலத்தில் இருந்த ஒரே பெண்ணும் இல்லை. அம்மா, அம்மாவின் அம்மா என்று அறுபடாமல் வந்த ஒரே கொடி அவளுடையது, அவ்வளவுதான். எலும்பைத் தோண்டி எடுத்து 'இவள்தான் அவள்' என்று சொல்லவும் முடியாது. தொடரோ அவளை எல்லா வழியிலும் நமக்கு மிக அண்மையான பொது மூதாதை ஆக்கிவிடுகிறது. அது வேறு ஆள். கணக்குப்படி சில ஆயிரம் வருடங்களுக்கு முன்னால்கூட இருந்திருக்கலாம்.

இந்தப் பிழையை விட்டுவிடலாம், டிவி நாடகம். ஆனால் உள்ளே ஒரு பயங்கரம் இருக்கிறது, அதை அவர்கள் யோசித்தார்களா என்று தெரியவில்லை. ஹீராதான் தாய்வழி ஏவாள் என்றால், கப்பலில் வந்த மற்ற அத்தனை பெண்களின் தாய்வழியும் அற்றுப்போனது என்று அர்த்தம். விவசாயம் தொடங்கி நிஜ உலகில் பன்னிரண்டாயிரம் வருடம்தான் ஆகிறது. அப்படியானால் பால்டர் அழுதுகொண்டே சொன்ன அந்த விவசாயம்? ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை, பிறகு அதுவும் மறந்துபோயிருக்கிறது. அவர்களுடைய எழுத்தும் மொழியும்கூட. லீ வேண்டிக்கொண்டது அப்படியே பலித்திருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டும் போன மாதம் மறுபடி பார்த்தேன். சிவப்பு டேப் வந்ததும் வாதமெல்லாம் பறந்துவிடுகிறது. மூரின் பலகை என்னிடம் ஜெயித்துவிட்டது என்றுதான் வைத்துக்கொள்ளேன். ஆனாலும் லீயை மன்னிக்கமாட்டேன்.

இனி நீ 2007-இல் வந்த 'ரேஸர்' படத்தைப் பார். பெகாசஸ் கப்பலின் கதை, உனக்குப் பிடிக்கும். 'தி ப்ளான்' இப்போதைக்கு வேண்டாம், உன் கோபம் தணியட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உன் பதில் வேண்டும். சைலான்களோடு சமாதானம் கிட்டத்தட்டக் கைகூடிவிட்டது. டைரல், டோரி உள்பட மனிதர்களோடு வாழ்ந்த சைலான்கள் ஐவரும் தண்ணீரில் கை வைத்ததும் ஒருவர் மனது ஒருவருக்குத் திறக்கிறது, தன் மனைவியைக் கொன்றது டோரி என்று டைரல் பார்த்துவிடுகிறான், அங்கேயே அவள் கழுத்தை நெரிக்கிறான். அத்தோடு எல்லாம் போயிற்று. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்கிற மாதிரி கர்னல் டை பிறகு அவனுக்கு ஆறுதல் சொல்கிறார். தொடரில் யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கு அவன் மேல் கோபமே வரவில்லை, அதுதான் உறுத்துகிறது. நீ என்ன சொல்கிறாய்? நடைப்பயிற்சியை ஏமாற்றாமல் செய்துவிட்டு, உட்கார்ந்து நிதானமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி